ஐம்பத்து மூன்றில் இருபத்தேழு

மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் 52 – 27 என்று எழுதிப் போடுகிறார் ஆசிரியர். விடை 25. சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்கலாம். பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. ஆனால் அந்த 35 எப்படி வந்தது?

இரண்டு வழிகளில் வந்திருக்கலாம். ஒரு பிள்ளை, 2-ல் 7 போகாது என்று கண்டதும் திருப்பிப் போட்டு 7-ல் 2 போக 5 என்கிறது. எங்கே இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. இன்னொரு பிள்ளை சொல்லிக் கொடுத்தபடியே பக்கத்தில் கடன் வாங்கி, 12-ல் 7 போக 5 என்று எழுதுகிறது. கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டதை மட்டும் மறந்து, 5-ல் 2 போக 3 என்று முடிக்கிறது. இருவர் நோட்டிலும் 35. முதல் பிள்ளைக்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளை கடைசிப் படியில் வழுக்கியிருக்கிறது. விடைத்தாளைப் பார்த்து இவர்களைப் பிரித்தறிய வழியில்லை.

கணக்கில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றி 53 – 27 என்று கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 26. திருப்பிக் கழிக்கும் பிள்ளை 34 என்று எழுதும். கடன் கொடுத்ததை மறக்கும் பிள்ளை 36 என்று எழுதும். கூட்டல் குறி என்று நினைத்த பிள்ளையிடமிருந்து 80 வரும். கடினத்தில் இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று பிழையை மறைக்கிறது, மற்றொன்று காட்டிக் கொடுக்கிறது. ஆசிரியரின் கைத்திறன் என்று நான் சொல்வது இந்த இலக்கத் தேர்வைத்தான். ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ வகைக் கேள்விகளுக்கும் இது பொருந்தும். 26, 34, 36, 80 என்று தெரிவுகள் கொடுத்தால் ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு காரணம் தெரியும். 34-க்குப் பதில் 500 என்று போட்டால் ஒன்றும் தெரியாது.

சரியான விடையும் ஏமாற்றும். 0.75, 0.3 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 75 பெரியது 3 சிறியது என்று நினைக்கும் பிள்ளையும் சரியாகவே சொல்லிவிடும். அதே பிள்ளையிடம் 0.45, 0.6 கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

பிள்ளைகளின் பிழைகள் பெரும்பாலும் கண்டபடி வருவதில்லை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கழித்தல் கணக்குகளைக் கணினி கொண்டு அலசி, 1978-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கவனக்குறைவு என்று ஒதுக்கப்படும் விடைகளில் கணிசமானவை, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்தவை என்று அதில் காட்டினார்கள்.

நல்ல கேள்வி கிடைத்தபின், நாற்பது பேரின் விடையையும் ஒரே நேரத்தில் பார்ப்பது எப்படி? கை தூக்குபவரைக் கேட்டால் தெரிந்தவர் குரல்தான் கேட்கும். நம் பள்ளிகளின் பழைய சிலேட்டு இதற்கு அருமையான கருவி. “எழுதியாச்சா? எல்லாரும் தூக்கிக் காட்டுங்க” என்றால் பத்து நொடியில் வகுப்பு முழுவதையும் படித்துவிடலாம். வாய்மொழியாகக் கேட்டால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் விடைகள் நீண்டன. அதுவரை பேசாதவர்களும் வாய் திறந்தார்கள்.

பிழையைக் கண்டு திருத்தும் வேலைக்கு மதிப்பெண் அவ்வளவாக உதவுவதில்லை. ரூத் பட்லர் இஸ்ரேலில் நடத்தி 1988-ல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் எழுதித் திருப்பித் தரப்பட்ட பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடமும் இல்லை. எண்ணைப் பார்த்த கண் குறிப்பைப் பார்க்கவில்லை போலும்.

தமிழ்நாட்டில் 2012-13-ல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பாடம் நடக்கும்போதே பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க வந்த முறைக்கும் மதிப்பெண் ஒட்டியதும், சார்ட்டும் பதிவேடும் முன்னுக்கு வந்துவிட்டன என்பது என் கணிப்பு. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்புப் பிள்ளைகளையும் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பார்க்கச் சொல்கிறது. இது நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம்.

நம் 53 – 27 கணக்குக்குத் திரும்பினால், 34 எழுதிய பிள்ளைக்கு ஈர்க்குச்சிக் கட்டுகள் வேண்டும்: பத்துக் குச்சி கொண்ட ஐந்து கட்டு, தனியாக மூன்று. ஒரு கட்டை அவிழ்க்காமல் ஏழு குச்சி எடுக்க முடியாது என்று கைக்குத் தெரியட்டும். 36 எழுதிய பிள்ளைக்குக் குச்சி தேவையில்லை. 5-ஐ அடித்து மேலே 4 எழுதும் பழக்கம் போதும். இருவரும் தேறியபின் 402 – 156 கொடுக்கலாம். விடை 246. நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தை 9 ஆக்கிவிட்டு 4-ஐ அப்படியே விட்டுவிடும் பிள்ளைகளின் சிலேட்டில் 346 இருக்கும்.