சத்பால் சிங்

சத்பால் சிங் (பிறப்பு: பெப்ரவரி 1, 1955) இந்தியாவைச் சேர்ந்த முன்னாள் மல்யுத்த வீரரும் பயிற்றுநரும் ஆவார். 1982ஆம் ஆண்டு புது தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 கிலோ எடைப்பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார். ரசிகர்களால் மகாபலி சத்பால் எனவும், மாணவர்களால் குரு சத்பால் எனவும் அழைக்கப்படுகிறார். வடதில்லியில் உள்ள சத்ரசால் விளையாட்டரங்கில் இவர் நடத்திய பயிற்சிக்கூடத்திலிருந்து சுசில் குமார், யோகேசுவர் தத், ரவி குமார் தகியா, அமன் செராவத் ஆகிய நால்வர் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுள்ளனர். 2024 பாரிசு ஒலிம்பிக் முடிய இந்தியா மல்யுத்தத்தில் பெற்ற மொத்தப் பதக்கங்கள் எட்டு. அவற்றுள் ஐந்து இந்நால்வருடையவை. சத்பாலுக்கோ ஒலிம்பிக் பதக்கம் வாய்க்கவில்லை.

இளமையும் குருவும்

சத்பால் தில்லியின் வடமேற்கு எல்லையில் உள்ள பவானா என்னும் ஊரில் பிறந்தார். தில்லியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அண்டை மாநிலமான அரியானாவிலும் மல்யுத்தம் ஊர்த்திருவிழாக்களோடு கலந்த ஒன்றாகும். ஊருக்கு ஊர் கோதா உண்டு. இதனை இந்தியில் அகாடா என்பர். தமிழில் ‘கோதாவில் இறங்குதல்’ என்னும் வழக்கு இன்று தேர்தல் செய்திகளில்தான் மிகுதியாகப் புழங்குகிறது. அங்கே அது நாள்தோறும் விடியற்காலையில் நிகழும் செயலாகும்.

சத்பாலின் குரு, விஜய்பால் என்னும் இயற்பெயர் கொண்ட குரு ஹனுமான் (1901–1999) ஆவார். இராசத்தானின் சிராவா என்னும் ஊரிலிருந்து தில்லிக்கு வந்த இவர், சப்சி மண்டிப் பகுதியில் இருந்த பிர்லா பஞ்சாலைக்கு அருகில் ஒரு பயிற்சிக்கூடத்தை நடத்தினார். ஆலையை நடத்திய பிர்லா குடும்பத்தாரின் ஆதரவில் வளர்ந்ததால் அது பிர்லா வியாயாமசாலா எனப் பெயர் பெற்றது. ஆலையை ஒட்டி ஊரும் கடைவீதியும் வளர்வது கோவை, திருப்பூர் வட்டாரத்து வாசகருக்குப் புதிதன்று. இங்கு ஆலையை ஒட்டி ஒரு மல்யுத்த மரபே வளர்ந்தது. ஆலை 1996இல் தில்லியிலிருந்து அகற்றப்பட்ட பின்னும் கூடத்தின் பெயர் நிலைத்தது.

குரு ஹனுமான் திருமணம் செய்துகொள்ளாதவர்; மாணவர்களோடு கூடத்திலேயே வாழ்ந்தவர். விடியலுக்கு முன் எழுதல், கோதா மண்ணைக் கொத்திப் புரட்டுதல், தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, கயிறு ஏறுதல், பின்னர் பால், நெய், பாதாம் என அமைந்த அன்றாட ஒழுங்கு அவருடைய கூடத்தில் கண்டிப்புடன் பின்பற்றப்பட்டது. இந்தச் சூழலில்தான் சத்பால் உருவானார். 1978, 1986 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற கர்த்தார் சிங்கும் இதே குருவின் மாணவரே.

மண்ணும் விரிப்பும்

சத்பாலின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, மண்ணில் நடக்கும் குஸ்திக்கும் விரிப்பின் மேல் நடக்கும் பன்னாட்டு மல்யுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டும். இரண்டும் ஒன்றே என எண்ணுவது பொதுவான தவறாகும்.

குஸ்தியில் மஞ்சள், கடுகெண்ணெய், மோர், நெய் முதலியன கலந்து பதப்படுத்திய மண்ணே களம். எதிராளியை மல்லாத்தி அவர் முதுகை மண்ணில் படச் செய்தால் வெற்றி. மரபுவழிப் போட்டிகளில் புள்ளிக் கணக்கு இல்லை. இருவரும் சமவலிமை உடையவராயின் ஆட்டம் நெடுநேரம் நீளும். எனவே பொறுமையும் உடற்பளுவும் பெரிதும் கைகொடுக்கும். பாதம் மண்ணில் புதைவதால் நகர்வும் மெதுவாகவே இருக்கும்.

பன்னாட்டுப் போட்டியில் களம் ரப்பர் நுரை விரிப்பாகும். இங்கும் எதிராளியின் இரு தோள்களையும் விரிப்பில் பதித்துவிட்டால் ஆட்டம் அப்போதே முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலான ஆட்டங்கள் அவ்வாறு முடிவதில்லை. புள்ளிகளே வெற்றியாளரைத் தீர்மானிக்கின்றன. காலைப் பிடித்து வீழ்த்தினால் புள்ளி, முதுகைத் தரைநோக்கித் திருப்பினால் புள்ளி, வட்டத்துக்கு வெளியே தள்ளினால் புள்ளி. நேரமோ சில நிமிடங்களே. மண்ணில் வளர்ந்தவர் எதிராளியை எடைபோட்டுச் சுற்றி வருவதற்குள் விரிப்பில் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். கீழே விழுந்த எதிராளியை அங்கேயே பலமுறை உருட்டிப் புள்ளி சேர்க்கும் கலைக்கு மண்ணில் தேவையே எழுவதில்லை. ஏனெனில் அங்கே புள்ளியே இல்லை.

ஒரே பிடிக்கு விதி மாறும்போது மதிப்பும் மாறிவிடும் என்பதற்குப் பிரேசிலிய ஜியு-ஜிட்சு நல்ல எடுத்துக்காட்டு. அதில் முதுகு தரையில் படுவது தோல்வியன்று. முதுகைத் தரையில் வைத்து, கால்களால் எதிராளியைக் கட்டிப்போடுவதே ஒரு முதன்மையான நிலை. கழுத்தையோ மூட்டையோ பூட்டி எதிராளியைச் சரணடையச் செய்தால் வெற்றி. குஸ்திப் பயில்வான் ஒருவருக்கு இது முற்றிலும் தலைகீழான விளையாட்டாகத் தோன்றும். எனினும் குருவழியில் பிடிகள் கைமாறும் முறையில் இரண்டும் உறவுடையவை. அந்தக் கலையை வளர்த்த கிரேசி குடும்பத்தார் ரியோ டி செனீரோவில் பயிற்சிக்கூடம் தொடங்கிய ஆண்டாகக் கூறப்படும் 1925, குரு ஹனுமானின் கூடத்துக்கும் தொடக்க ஆண்டாகக் கூறப்படுகிறது.

விளையாட்டு வாழ்க்கை

சத்பால் இரண்டு களங்களிலும் ஆடியவர். உள்நாட்டில் பாரத் கேசரி உள்ளிட்ட மரபுவழிப் பட்டங்களை வென்றார். தேசிய அளவில் அதிக எடைப்பிரிவில் 16 முறை வாகையர் பட்டம் பெற்றவர் எனக் குறிப்பிடப்படுகிறார். 1970களில் மண் களத்தில் மராட்டியப் பயில்வான்களோடு இவர் மோதிய ஆட்டங்களுக்குப் பெருங்கூட்டம் கூடியது. அவற்றில் எல்லாம் இவரே வென்றார் என்று கூறுவதற்கில்லை. ஹரிச்சந்திர பிராச்தாரிடம் இவர் அடைந்த தோல்வி மராட்டியத்தில் நெடுநாள் பேசப்பட்டது.

பன்னாட்டுக் களத்தில் இவருடைய முன்னேற்றம் படிப்படியானது. 1974 டெகுரான் ஆசிய விளையாட்டில் வெண்கலமும், 1978 பாங்காக்கில் வெள்ளியும், 1982 தில்லியில் தங்கமும் பெற்றார். பொதுநலவாய விளையாட்டுகளில் 1974, 1978, 1982 என மூன்று முறையும் வெள்ளியோடு நின்றார். சொந்த ஊர் மக்களின் முன்னிலையில் 27ஆம் அகவையில் வென்ற 1982 தங்கமே இவருடைய விளையாட்டு வாழ்வின் உச்சமாகும்.

இதற்குப் பின் 1986இல் கர்த்தார் சிங் வென்ற தங்கம் தவிர, ஆசிய விளையாட்டு மல்யுத்தத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. அந்த இடைவெளி 28 ஆண்டுகள் நீடித்தது. 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் அதை முடித்தவர் சத்பாலின் மாணவர் யோகேசுவர் தத்.

சத்ரசால்

சத்பால் தில்லி அரசின் கல்வித் துறையில் விளையாட்டுப் பிரிவு அதிகாரியாகப் பணியாற்றினார். அத்துறையின் பொறுப்பில் மாடல் டவுன் பகுதியில் இருந்த சத்ரசால் விளையாட்டரங்கில் 1988ஆம் ஆண்டு முதல் பயிற்சி அளிக்கலானார். தனியார் கொடையை நம்பிய பழைய கோதாக்களைப் போலன்றி, இது அரசுக்குச் சொந்தமான இடம். சத்பால் அங்கே அகாடாவின் ஒழுங்கை அப்படியே கொண்டுவந்தார்; ஆனால் இலக்கை ஊர்ப்போட்டிப் பரிசிலிருந்து ஒலிம்பிக்குக்கு மாற்றினார்.

மாற்றத்தின் முதன்மையான கூறு வயது. வளர்ந்த பயில்வானை மண்ணிலிருந்து விரிப்புக்கு மாற்றுவது கடினம் என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்திருந்த சத்பால், பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுவர்களைச் சேர்த்தார். அவர்கள் அங்கேயே தங்கிப் பயின்றனர். வசதிகள் மிகக் குறைவு. சுசில் குமார் சேர்ந்த காலத்தில் ஓர் அறையில் இருபது பேர். ஒரு மெத்தையில் இருவர். உணவின் பெரும்பகுதி வீட்டிலிருந்து வரவேண்டும். சோனிபத் மாவட்டத்து நாகரி என்னும் சிற்றூரைச் சேர்ந்த ரவி குமார் தகியாவுக்காக, குத்தகை நிலத்தில் வேளாண்மை செய்த அவருடைய தந்தை ஆண்டுக்கணக்கில் பாலும் வெண்ணெயும் சுமந்து தில்லிக்கு வந்துபோனார். இத்தகைய குடும்பங்களின் உழைப்பையும் கணக்கில் கொள்ளாமல் சத்ரசாலின் வெற்றியை விளக்க இயலாது.

அன்றாடப் பயிற்சி சத்பால் ஒருவரின் கையில் மட்டும் இருக்கவில்லை. யஷ்வீர் சிங், ராம்பால் ஆகிய பயிற்றுநர்களும் இங்குப் பணியாற்றினர். இருவரும் பின்னாளில் துரோணாச்சாரியர் விருது பெற்றனர். பதக்கத்துக்குப் பின் ‘இவருடைய குரு யார்’ என்று எழும் கேள்விக்கு ஒற்றைப் பெயரைச் சொல்லும் பழக்கம் குஸ்தி மரபினது. உண்மையில் அது ஒரு குழுவின் வேலையாகவே இருந்தது.

மாணவர்கள்

1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் கே. டி. ஜாதவ் வெண்கலம் பெற்றபின் 56 ஆண்டுகள் இந்திய மல்யுத்தத்துக்கு ஒலிம்பிக் பதக்கம் இல்லை. 2008 ஆகஸ்ட் 20 அன்று பெய்சிங்கில், 66 கிலோ பிரிவில் சுசில் குமார் தம் முதல் ஆட்டத்திலேயே உக்ரைனின் ஆந்திரி சுதாத்னிக்கிடம் தோற்றார். ஆனால் மல்யுத்தத்தில் ‘மறுவாய்ப்பு’ என்றொரு விதி உண்டு. ஒருவரைத் தோற்கடித்தவர் இறுதியாட்டத்தை எட்டினால், தோற்றவர் வெண்கலத்துக்காக மீண்டும் களமிறங்கலாம். சுதாத்னிக் இறுதியாட்டத்தை எட்டினார். சுசில் அதன்பின் அமெரிக்கர், பெலருசியர், கசக்கசுத்தானியர் என மூவரை அடுத்தடுத்து வென்று வெண்கலம் பெற்றார். 2010இல் மாஸ்கோவில் உலக வாகையர் ஆனார். இப்பட்டத்தை வென்ற முதல் இந்தியர் இவரே. 2012 இலண்டனில் வெள்ளி வென்றார். 2011இல் சத்பாலின் மகளை மணந்து அவருடைய மருமகனுமானார்.

யோகேசுவர் தத் இலண்டனில் 60 கிலோ பிரிவில் இதே மறுவாய்ப்பு வழியாக வெண்கலம் வென்றார். வட கொரிய வீரருடனான அவரது கடைசி ஆட்டம் 0–1, 1–0, 6–0 என முடிந்தது. அந்த ஆறு புள்ளிகள் எதிராளியின் கால்களைக் குறுக்காகப் பின்னி, தரையிலேயே மீண்டும் மீண்டும் உருட்டியதால் கிடைத்தவை. ‘பீதேலே’ என்று இந்தியப் பயில்வான்கள் அழைக்கும் இப்பிடி முழுக்க முழுக்க விரிப்புக்கு உரியது. இந்தியக் கோதாக்களில் மண்ணுக்கும் விரிப்புக்கும் இடையே இருந்த தொலைவு எவ்வளவு குறைந்துவிட்டது என்பதற்கு அந்தச் சில நொடிகளைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ரவி குமார் தகியா 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் 57 கிலோ பிரிவில் வெள்ளி வென்றார். அரையிறுதியில் கசக்கசுத்தான் வீரர் கையைக் கடித்தபோதும் பிடியை விடாமல் தோள்களைப் பதித்து அவர் பெற்ற வெற்றி பரவலாகப் பேசப்பட்டது. அதே போட்டியில் வெண்கலம் பெற்ற பச்ரங் புனியாவும் தொடக்க காலத்தில் சத்ரசாலில் பயின்றவரே. பின்னர் வேறிடங்களில் பயிற்சி பெற்றார்.

சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து சத்ரசாலில் வளர்ந்த அமன் செராவத், தகுதிப் போட்டியில் ரவியையே வென்று முன்னேறினார். 2024 பாரிசில் அரையிறுதித் தோல்விக்குப் பின் ஒரே இரவில் 4.6 கிலோ எடையைக் குறைத்து, மறுநாள் புவேர்ட்டோ ரிக்கோவின் டேரியன் குரூசை 13–5 என வென்று வெண்கலம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 21. தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற இந்தியருள் மிக இளையவர் அவரே.

2021 நிகழ்வும் அதன்பின்னும்

2021 மே 4 இரவு சத்ரசால் அரங்க வளாகத்தில் நடந்த தாக்குதலில் காயமுற்ற இளம் மல்யுத்த வீரர் ஒருவர் உயிரிழந்தார். இவ்வழக்கில் சுசில் குமார் மே 23 அன்று கைது செய்யப்பட்டார். 2022 அக்டோபரில் நீதிமன்றம் கொலை உள்ளிட்ட குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. அவர் அவற்றை மறுத்தார். 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த பிணையை அவ்வாண்டு ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சத்பால் இவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர்.

எனினும் இந்நிகழ்வு அரங்கின் பெயரைப் பெரிதும் பாதித்தது. அகாடா முறையில் குருவுக்கும் மூத்த பயில்வானுக்கும் இளையோர் முழுமையாக அடங்கி நடக்க வேண்டும். வசதியற்ற சிறுவர்களை ஒலிம்பிக் வரை கொண்டுசென்றதில் இவ்வொழுங்குக்குப் பங்கு உண்டு. பல சிறுவர்கள் ஓரிருவரின் அதிகாரத்தின் கீழ்த் தங்கி வாழும் இடத்தில் அந்த அதிகாரத்தைக் கண்காணிப்பவர் யார் என்ற கேள்வியும் அதே ஒழுங்கிலிருந்தே எழுகிறது. பிள்ளையை அங்கே அனுப்பும் பெற்றோருக்கு இது சிறிய கேள்வியன்று. இதற்குப் பின்னரும் பயிற்சி நின்றுவிடவில்லை. அமன் செராவத்தின் பதக்கம் இந்நிகழ்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்ததாகும்.

விருதுகள்

சத்பால் 1974இல் அருச்சுனா விருதும், 1983இல் பத்மஸ்ரீ விருதும், பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியர் விருதை 2009இலும், பத்மபூசண் விருதை 2015இலும் பெற்றார். குரு ஹனுமானுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டதும் 1983ஆம் ஆண்டிலேயே ஆகும்.