மழைக்கு முன் ஒரு பை
வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளால் பெய்யும் மழை, 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாகி, செம்பரம்பாக்கம் ஏரியை நிரப்பி அடையாற்றைக் கரைபுரளச் செய்தது. அவ்வேரிக்குத் தென்மேற்கே, 2024 ஆகஸ்டில் 18,720 படுக்கைகள் கொண்ட பணியாளர் குடியிருப்பு திறக்கப்பட்ட வல்லம் வடகாலில், வெளியூர்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர் பலருக்கு ஏரி, கால்வாய், தாழ்வான சாலை ஆகியவை பழக்கமற்றவை என்பதால், அவர்களுக்கு முன்னேற்பாடு மேலும் இன்றியமையாதது. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், அன்றாட மருந்து, டார்ச், மின்னேற்றிய பவர்பேங்க் ஆகியவை நீர்புகாத உறையிட்ட ஒரு பையிலும், மூன்று நாள் குடிநீர் தனியாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் வாசலை நெருங்குமுன் வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்துவிட வேண்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதை இன்றே கைப்பேசியில் பதிந்து கொள்க.