நிழற்கணக்கும் வணிகர் துணையும்

சென்ற கோடை விடுமுறையில், எம்மூராகிய வாசுதேவநல்லூரில், என் பெரியப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டார். தென்காசிக்குக் கொண்டு சென்றோம். ஆங்கு சி.டி. ஸ்கேன் என்னும் கருவி, மண்டையோட்டைத் திறவாமலே உள்ளிருப்பதை அடுக்கடுக்காகப் படமெடுத்துக் காட்டிற்று. இரத்தக் கசிவு இல்லை என்று மருத்துவர் உரைத்த பின்னரே பெரியம்மா வாய்திறந்து பேசினார். தமிழ் பயிலும் யான் இக்கருவியின் வரலாற்றைத் தேடப் புகுந்தது அன்றுதான்.

இக்கருவி உள்ளுறுப்பை நேரே காண்பதில்லை. எக்ஸ் கதிர்களைப் பல கோணங்களினின்றும் உடலினூடே செலுத்தி, மறுபுறம் விழும் நிழல்களை அளக்கின்றது; அந்நிழல்களினின்று உருவத்தைக் கணக்கினால் மீட்கின்றது. நிழல்களை வந்த வழியே திரும்பப் பரப்பினால் மங்கிய உருவமே கிட்டும். ஆதலின், பரப்புமுன் ஒவ்வொரு நிழலையும் ஒரு கணித வடிகட்டியிற் செலுத்தி விளிம்புகளைக் கூர்மையாக்குதல் வேண்டும். அதனை எளிதாகவும் விரைவாகவும் செய்யும் முறையை 1971-இல் வெளியிட்டோர் ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் ஆவர். ‘ராம்-லாக் வடிகட்டி’ என்று இன்றும் அது வழங்குகின்றது. இராமச்சந்திரன் 1952 முதல் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியராய் விளங்கியவர். 1963-இலும் 1967-இலும் புரத அமைப்பைப் பற்றி உலக அறிஞரைச் சென்னைக்கு அழைத்து மாநாடு கூட்டியவர்.

அதே 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளை இவ்வகையிற் படமெடுக்கப்பட்டது. கருவியை அமைத்த ஹவுன்ஸ்பீல்டு பணியாற்றிய இ.எம்.ஐ. கம்பெனியோ, இசைத்தட்டு விற்றுப் பெயர் பெற்றது! அவர் முதலிற் கையாண்ட கணக்கும் வேறு. இதற்கு அடிப்படையான கணிதத்தை ரேடான் 1917-இலேயே நிறுவியிருந்தார். கார்மக் அதனை அறியாமலே மீண்டும் கண்டு 1963-இலும் 1964-இலும் எழுதினார். அவற்றையும் கவனித்தோர் மிகச் சிலரே. கணக்கறிந்தோரும் கருவி செய்வோரும் ஒருவரையொருவர் அறியாதிருந்தமையால் நேர்ந்த காலக்கழிவு எத்துணை!

1991-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய முப்பரிமாண உருமீட்பு மாநாடு, இரண்டாண்டுக்கு ஒருமுறை இவ்விரு சாராரையும் ஒருங்கே கூட்டி வருகின்றது. நம் நாட்டிலும் அத்தகைய மாநாடு கூட்ட விழைவோர், கருவி செய்யும் கம்பெனிகளிடம் பொருளுதவி கேட்க நாண வேண்டுவதில்லை என்பேன். குறைந்த கதிரில் தெளிந்த படம் பெறும் வழி எவரேனும் கண்டால், அதனால் நோயாளிக்கு நலம், கம்பெனிக்கும் வாணிபம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஊர் விருந்திற்கு அரிசி மூட்டை அளித்தவர் பெயரைப் பந்தலில் எழுதுகின்றோம். பந்தியில் எவர் அமரலாம் என்று அவரைக் கேட்பதில்லை. எக்கட்டுரை படிக்கப்பெறும் என்பதை அறிஞர் குழுவே முடிவு செய்தல் வேண்டும். ஒரு கம்பெனியின் கருவியிற் குறை கண்டு எழுதிய கட்டுரையும் அவ்வரங்கிலேயே படிக்கப்பெறல் வேண்டும். இவற்றை வேண்டுகோட் கடிதத்திலேயே எழுதிவிடுதல் நன்று.

பணத்தினும் அரிய பொருள் ஒன்றுண்டு. படமாகுமுன் கருவி அளந்த மூல அளவுகள் பெரும்பாலும் கம்பெனிகளின் கையிலேயே அடைபட்டுள்ளன. நோயாளியின் பெயர் நீக்கிய அவ்வளவுகளிற் சிலவும், தொலைவூர் மாணவர் சிலருக்கு இரயிற் கட்டணமும் கிடைப்பின், விருந்தும் விளம்பரப் பையும் இல்லாமற் போயினும் குறைவில்லை.