சன்னலோரத் தொட்டியும் சிகிச்சைக் குறிப்பேடும்

வீடு திரும்பும் நாளில் எங்கள் இதயநோய்ப் பிரிவில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி மாத்திரையைப் பற்றியது அன்று. "உப்பைக் குறைத்துவிட்டால் சோறு எப்படி இறங்கும்?" என்பதே அது. டெல்டா மாவட்டத்தில் சோற்றைப் பற்றிய கேள்வியை நாங்கள் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

குறைத்த உப்பின் இடத்தை மணம் ஓரளவு நிரப்பும். ரசத்தை இறக்கும்போது கிள்ளிப் போடும் கொத்தமல்லி, நீர்மோரில் கசக்கிய புதினா, எலுமிச்சை பிழிந்த வல்லாரைத் துவையல் ஆகியவற்றை உண்டு பழகியோர், சில வாரங்களில் பழைய உப்பளவு கரிக்கிறது என்று அவர்களே சொல்வதுண்டு. பறித்த கணத்தில் சேர்த்தால்தான் அந்த மணம் முழுதாகக் கிடைக்கும். ஆகவே சன்னலோரத்தில் நான்கைந்து தொட்டிகள் வைக்கும்படி கூறி வருகிறோம். இதற்கு மாற்றாகக் கடையில் கிடைக்கும் 'குறைந்த சோடியம் உப்பை' நாடுவோர் உளர். அதில் பொட்டாசியம் கலந்துள்ளது. சிறுநீரகக் குறைபாடு உடையோரும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை உட்கொள்வோரும் எங்களைக் கேளாமல் அதை வாங்க வேண்டாம்.

முற்றம் வைத்த பழைய வீடுகளில் துளசி மாடத்திற்கு வெயில் தானே வந்து சேர்ந்தது. இன்றைய அடுக்ககத்தில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 10.8 பாகை வடக்கே இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மார்கழியில் வெயில் கொட்டிய தெற்குச் சன்னல் ஆனியில் நிழலாகிவிடும். "நன்றாக வளர்ந்த செடி திடீரென்று வெளுத்துவிட்டது" என்னும் குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கிழக்குச் சன்னல் ஆண்டு முழுதும் காலை வெயில் தரும், அதுவே நல்லது.

மண்ணிலும் ஒரு செய்தி உண்டு. காவிரியின் களிப்பான வண்டல் நீரைத் தேக்கி வைப்பதால் நெல்லுக்கு வரம். அதே காரணத்தால் தொட்டிக்குப் பகை. வேர் மூச்சுவிட இயலாமல் அழுகிவிடும். செம்மண், மக்கிய தொழு உரம், நன்கு கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட தொட்டியில் இடுங்கள். கற்பூரவல்லி ஒரு துண்டுத் தண்டிலேயே துளிர்க்கும். அதற்கு நீர் குறைவாகப் போதும். சந்தையில் வாங்கிய புதினாவில் இலையை எடுத்துக்கொண்டு தண்டை நீரில் நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் வேர் விடும். தனியா விதையை இரண்டாக உடையும்படி தேய்த்து விதைக்க வேண்டும். வல்லாரை நம் வாய்க்கால் கரைகளில் தானே படர்வதுதான்; எனினும் பூச்சிக்கொல்லி தெளித்த வயலோரத்தில் பறிப்பதைவிட வீட்டுத் தொட்டியில் வளர்த்துக்கொள்வது மேல். கறிவேப்பிலை மரமாக வளரும் இயல்பினது. அதைச் சன்னலோரத்தில் வருத்துவதைவிட அண்டை வீட்டாரிடம் உரிமையோடு கேட்டு வாங்கலாம்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை உலர்ந்தும் உயிரோடிருக்கும்; ஆகவே வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். உறுப்பு மாற்று செய்துகொண்டோரும் புற்றுநோய் மருந்து பெறுவோரும் மண்ணைக் கையாள வேண்டாம். அதிலுள்ள பூஞ்சை வித்துகள் அவர்களுடைய நுரையீரலைத் தாக்கக்கூடும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறோம். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்ட முதியவர் ஒருவர், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டு வந்தார். பல மாதங்கள் சீராக இருந்த ஐ.என்.ஆர். அளவு திடீரெனக் குறைந்தது. அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்படலாம், உயிருக்கே ஆபத்து. மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. மருந்தின் அளவைக் கூட்ட எழுதுகோலை எடுத்துவிட்டோம். அப்போது உடன் வந்த மருமகள் தயங்கிச் சொன்னார்: "மாமாவுக்கு நல்லதென்று தொட்டியில் வளர்த்த கொத்தமல்லியை ஒரு கைப்பிடி அரைத்து, காலையில் சாறாகக் கொடுக்கிறேன். தழைதானே டாக்டர், மருந்தா?"

அக்கேள்வியில் பிழை ஏதுமில்லை. முன்னரே கேட்காதது எங்கள் பிழை. பசுந்தழைகளில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரினுக்கும் அசெனோகூமராலுக்கும் எதிராகச் செயற்படுவது. ரசத்தில் போடும் கொத்தமல்லியால் தீங்கில்லை. நாள்தோறும் ஒரு கைப்பிடிச் சாறு என்பது வேறு. அன்று மருந்தைக் கூட்டியிருந்து, பின்னர் அவர்கள் சாற்றை நிறுத்தியிருந்தால், ஐ.என்.ஆர். ஏறி இரத்தக்கசிவு நேர்ந்திருக்கும். சாற்றை மட்டும் விடச் சொன்னோம். இரண்டு வாரத்தில் அளவு சீரானது. ஆகவே இம்மருந்து உட்கொள்வோர் கீரையை அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்ணுங்கள். புதிதாகத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் எங்களிடம் சொல்லுங்கள்.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தினார். நாட்டு மருத்துவமும் மேலைநாட்டு மருத்துவமும் அங்கே ஒருங்கே இடம்பெற்றன. அக்காலக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள், அவர்களுடைய கண்களின் ஓவியங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நோயாளிக்கு நோயாளி எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் குறிப்பேட்டிலோ மாத்திரைகளுக்கு மட்டுமே கட்டம் இருந்தது.

இப்போது அதன் கடைசிப் பக்கத்தில் 'வீட்டில் உட்கொள்ளும் தழை, கசாயம், சூரணம்' என்றொரு பகுதி சேர்த்துள்ளோம். எது, எவ்வளவு, எந்நாள் முதல் என்று குடும்பத்தார் யாரேனும் எழுதி வைத்தால் போதும். எவரையும் கடிந்துகொள்ள அது கேட்கப்படவில்லை. செடியின் பெயர் தெரியாவிடில், ஒரு கிளையைக் கிள்ளித் தாளில் சுற்றி, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எடுத்து வாருங்கள்.