செய்தி எழுதக் கற்பித்தலில் மின்கற்றல் வளங்களும் தமிழ்த் தொடரமைப்பும்

தமிழ்நாட்டில் 2018-2019 கல்வியாண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு இடம்பெற்றது. அலைபேசியால் அதனை வருடினால் காணொலியும் பயிற்சியும் கிடைக்கும். எனினும், உயர்நிலை வகுப்பில் செய்தி எழுதுதல் போன்றதொரு திறனுக்கு எவ்வகை மின்வளம் பொருந்தும் என்னும் வினா தனித்து ஆராயத்தக்கது.

செய்தி எழுதப் பயிற்றுவோர் யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களை முன்வைப்பர். இவற்றைக் கட்டங்களாக்கி நிரப்பச் செய்யும் மின்பயிற்சியை உருவாக்குதல் எளிது. கணினியே மதிப்பெண்ணும் இட்டுவிடும். ஆனால், கட்டங்கள் நிரம்பியதும் செய்தி உருவாகிவிடுவதில்லை. எதனை முதலில் வைப்பது என்னும் தேர்வே செய்தியை ஆக்குகிறது.

முதன்மையானதை முதலில் கூறும் தலைகீழ்ப் பிரமிடு அமைப்பு ஆங்கில இதழியல் வழி வந்தது. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். தமிழில் பயனிலை பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கும். ஆறு விடைகளையும் ஒரே தொடரில் அடுக்கும் மாணவர், ‘நேற்றுக் காலை 8 மணியளவில் மதுரை அருகேயுள்ள சிற்றூர் ஒன்றில் பெய்த கனமழையால் கண்மாய் உடைந்து வயல்களுக்குள் நீர் புகுந்தது’ என எழுதக்கூடும். பிழையற்ற தொடரே, எனினும் நிகழ்ந்தது இன்னதென அறியப் படிப்பவர் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். ‘மதுரை அருகே கண்மாய் உடைந்து வயல்களுக்குள் நீர் புகுந்தது’ என முகப்பைச் சுருக்கி, நேரத்தையும் காரணத்தையும் அடுத்த தொடருக்கு நகர்த்துவதே தமிழுக்கேற்ற முறை.

தாளில் இதனைப் பயிற்றும்போது ஒவ்வொரு மாற்றத்திற்கும் பத்தி முழுவதையும் மீண்டும் எழுத நேரும். மாணவர் அதனைத் தண்டனையாகவே கொள்வர். தகவல்களைத் தனித்தனி அட்டைகளாகத் திரையில் இழுத்து வரிசை மாற்றும் வசதி இங்குதான் பயன்தருகிறது. கூகுள் டாக்ஸ் போன்ற செயலிகள் முந்தைய வடிவங்களையும் சேமித்து வைப்பதால், மாணவர் எதனை நீக்கினார், எதனை முன்னே கொணர்ந்தார் என்பதை ஆசிரியர் காண இயலும்.

மற்றொரு சிக்கல், கூற்றுக்குரியவரைச் சுட்டுவது. ‘எனத் தெரிவித்தார்’ என்பதில் கூறியவர் உண்டு. ‘எனக் கூறப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு வினையில் அவர் மறைந்துவிடுகிறார். நாளிதழ் நடையைப் பின்பற்றும் மாணவர் பின்னதையே விரும்பி எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. இதனைக் களையப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. சொற்செயலியின் தேடல் வசதியால் அத்தொடர்களைக் கண்டறிந்து, ஒவ்வொன்றின் அருகிலும் கூறியவர் பெயரை எழுதச் செய்யலாம். பெயர் கிடைக்காத இடத்தில் மாணவர் மீண்டும் சென்று விசாரித்து வர வேண்டியிருக்கும். 40 நிமிடப் பாடவேளைக்குள் அதற்கு இடமளிப்பதே ஆசிரியர்முன் உள்ள உண்மையான இடர்.