மீன் தொட்டிக்கு ஓர் இரவு

துறையூரிலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் கடைசிப் பேருந்து போன பிறகு பச்சைமலைச் சாலையில் வெளிச்சம் என்று எதுவும் மிஞ்சாது. மரவள்ளிக் காடும் முந்திரித் தோப்பும் ஒரே கறுப்பாகிவிடும். ஆனால் எங்கள் உண்டு உறைவிடப் பள்ளிக் கூடத்தில் மட்டும் இரவு முழுக்க இரண்டு குழல் விளக்குகள் எரியும். சிறு பிள்ளைகள் நடு இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போவார்கள். பாம்பும் தேளும் நடமாடும் இடம். அந்த விளக்கை அணைக்க முடியாது, அணைக்கவும் கூடாது.

அந்தக் கூடத்தின் ஓரத்தில்தான் எங்கள் மீன் தொட்டி இருக்கிறது. இரண்டடி நீளம். திருச்சியில் வாங்கி, ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் மலையேற்றிக் கொண்டுவந்த நான்கு தங்கமீன்கள். கப்பி, மாலி போன்றவற்றுக்கு மார்கழிக் குளிர் ஆகாது. தங்கமீன் குளிர்ந்த நீரைத் தாங்கும் என்பதால் அதைத் தேர்ந்தோம்.

தொட்டி வைத்து மூன்று வாரம் ஆனபோது ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், மீனு எப்ப சார் தூங்கும்? நான் ராத்திரி எந்திரிச்சப்பல்லாம் அது சுத்திக்கிட்டேதான் இருக்கு."

மீனுக்கு இமை கிடையாது, கண்ணைத் திறந்தபடியே தூங்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தவறான பதில் இல்லை. ஆனால் அவன் கேட்டது அதை இல்லை என்பது அன்று இரவு பதினொரு மணிக்குத் தொட்டி முன் நின்றபோதுதான் புரிந்தது. நான்கு மீன்களும் பகலில் போலவே கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன.

மீன் தூங்குகிறதா என்பதை எப்படிச் சொல்வது? நடத்தையை வைத்துச் சொல்லலாம். அசைவு குறையும், துடுப்புகள் லேசாக மட்டும் ஆடும், அடிமட்டத்திலோ செடி ஓரத்திலோ ஓர் இடத்தில் நிற்கும், செவுள்மூடி அசைவது மெதுவாகும், கண்ணாடி அருகே விரலைக் கொண்டுபோனால் உடனே விலகாது. சில மீன்களுக்கு இரவில் நிறமே வெளிறிவிடும். நியான் டெட்ரா வளர்ப்பவர்கள் அதிகாலையில் தொட்டியைப் பார்த்து, நோய் வந்துவிட்டதோ என்று பயந்துபோவதுண்டு.

இவற்றோடு இன்னொரு சோதனையும் உண்டு. தூக்கத்தைக் கெடுத்தால், அடுத்து வாய்ப்புக் கிடைக்கும்போது கூடுதலாகத் தூங்கி ஈடுகட்ட வேண்டும். 2007இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று இதை ஜீப்ரா மீனில் பார்த்தது. ஜீப்ரா மீன் நம் நாட்டு மீன்தான். கங்கைச் சமவெளி நீரோடைகளில் வாழும் அதை 1822இல் ஹாமில்டன் விவரித்து எழுதினார். இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் நீந்துகிறது. லேசான மின்னதிர்வு தந்து தூங்கவிடாமல் செய்த மீன்களை இருட்டில் விட்டபோது அவை கூடுதலாகத் தூங்கின. வெளிச்சத்தில் வைத்த மீன்களோ தூக்கத்தைப் பெருமளவு இழந்தன. பிறகு அதை ஈடுகட்டவும் இல்லை. வெளிச்சம் இருக்கும்வரை அவற்றின் உடலுக்கு அது பகல்தான். எங்கள் தங்கமீனும் ஜீப்ரா மீனும் கெண்டை வகைக்கு நெருங்கிய உறவு. ஆக, மாணவன் சொன்னது சரி. எங்கள் தொட்டியில் மூன்று வாரமாக இரவு வரவில்லை.

நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் பினியல் சுரப்பியை ஒரு வரியில் கடந்துபோகிறோம். மீனில் அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நமக்குப் பகலா இரவா என்ற செய்தி கண் வழியாகத்தான் பினியலுக்குப் போகிறது. பெரும்பாலான மீன்களில் பினியலே ஒளியை உணரும். மண்டையோட்டின் மேற்புறம் மெல்லியதாக இருப்பதால் மேலிருந்து வரும் ஒளி நேராக அதை எட்டுகிறது. தேனீக்களின் நடனத்தைப் படித்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் அதற்கு முன்பே, 1911இல், பார்வையற்ற சிறு மீன்களின் தலைமேல் ஒளி படும்போது உடல் நிறம் மாறுவதைக் கண்டிருந்தார். இருட்டில் பினியல் மெலடோனின் சுரக்கிறது. வெளிச்சத்தில் அது குறைகிறது. எவ்வளவு வெளிச்சம் போதும்? ஜெர்மனியில் பெர்ச் என்னும் நன்னீர் மீனில் 2015இல் வெளியான ஆய்வில், இரவில் வெறும் 1 லக்ஸ் வெளிச்சத்திலேயே மெலடோனின் குறைந்தது. முழுநிலவின் ஒளி சுமார் 0.3 லக்ஸைத் தாண்டாது. எங்கள் தொட்டியின் கண்ணாடி அருகே கைபேசிச் செயலி காட்டிய அளவு நாற்பதுக்கும் மேல். செயலி துல்லியமானதல்ல, ஆனாலும் நிலவுக்கும் நாற்பதுக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட அது போதும்.

அதே பெர்ச் ஆய்வில், மீன்களின் மன அழுத்த ஹார்மோன் அளவு உயரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரவு விளக்கால் மீன் செத்துவிடும் என்று பிள்ளைகளிடம் பயமுறுத்தத் தேவையில்லை. தொட்டி மீன்கள் பெரும்பாலும் சாவது அளவுக்கு மீறிய தீவனத்தாலும், தண்ணீர் மாற்றாததாலும்தான். ஆனால் சில இடங்களில் இருட்டு உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகிறது. கோமாளி மீன் முட்டைகள் இருட்டிய பிறகே பொரியும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட சோதனையில், இரவிலும் விளக்கொளி பட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் கோமாளி மீன் குஞ்சு பொரிக்க வைக்கும் ஆய்வகங்கள் உள்ளன. முட்டை பொரிக்கும் இரவில் இருட்டைக் கொடுப்பது அந்த வேலையில் ஒரு பகுதி.

இனி வெளிச்சம் தொட்டிக்குள் நுழையும் விதத்தைப் பார்ப்போம். ஒளிவிலகல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. குளத்துக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே சுமார் 97 பாகைக் கூம்புக்குள் சுருங்கித் தெரியும். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போல அடிமண்ணையே பிரதிபலிக்கும். பக்கங்களில் கரையும் கலங்கல் நீரும் செடிகளும். வெளிச்சம் வரும் வாசல் மேலே ஒன்றுதான். அதையும் தாண்டித் தப்ப வேண்டுமென்றால் ஒரு கல்லுக்கடியில் போய்விடலாம். தொட்டியிலோ நான்கு பக்கமும் வாசல். மீன் எந்தப் பக்கம் திரும்பினாலும் குழல் விளக்கு தெரியும். ஒதுங்க இடமும் இல்லை. மூட இமையும் இல்லை.

அதோடு கண்ணும். வெளிச்சத்தில் நம் கண்பாவை நொடிகளில் சுருங்குகிறது. வகுப்பில் டார்ச் அடித்துக் காட்டியிருப்போம். எலும்பு மீன்கள் பெரும்பாலானவற்றில் கண்பாவை அப்படிச் சுருங்குவதில்லை. மாறாக, விழித்திரைக்குள் நிறமித் துகள்கள் நகர்ந்து திரையிடுகின்றன; குச்சி செல்களும் கூம்பு செல்களும்கூட முன்னும் பின்னும் இடம் மாறுகின்றன. இதற்குப் பல நிமிடங்கள், சில மீன்களில் ஒரு மணி நேரம்வரைகூட ஆகும். நள்ளிரவில் நாம் பட்டென்று சுவிட்சைப் போட்டால், மீன் துள்ளிக் கண்ணாடியில் மோதுவது இதனால்தான். மூடியில்லாத தொட்டி என்றால் வெளியிலும் குதித்துவிடும்.

விளக்கை அணைக்க முடியாத கூடத்தில் என்ன செய்வது? தொட்டியை இடம் மாற்றப் பார்த்தோம். வேறு எங்கும் காற்று மோட்டாருக்கு மின் இணைப்பு இல்லை. எனவே மூடுவது என்று முடிவாயிற்று.

முதல் முயற்சி பழைய போர்வை. கேள்வி கேட்டவனே கொண்டுவந்து போட்டான். மறுநாள் காலை மேசையும் தரையும் ஈரம். தொட்டியில் தண்ணீர் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. போர்வையின் ஓரம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்க, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நூலிழைகள் வழியாக நீர் ஏறி, வெளியே சொட்டியிருக்கிறது. நுண்புழை ஏற்றத்துக்கு இவ்வளவு தெளிவான செய்முறையை நான் திட்டமிட்டுச் செய்ததில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்டென்ஷன் பெட்டி அந்த ஈரத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது கண்ணில் பட்டது. அன்றே அதைச் சுவரில் உயரத்தில் மாட்டினோம். தொட்டியிலிருந்து வரும் ஒயர், செருகும் இடத்துக்கு நேராகப் போகாமல் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படியும் விட்டோம். ஒயர் வழியாக நீர் வழிந்தாலும் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். மீன் தொட்டி உள்ள எல்லாப் பள்ளிகளும் இந்த ஒன்றையாவது இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது முயற்சி நிலைத்தது. மளிகைக் கடையில் கிடைத்த பெரிய அட்டைப் பெட்டியை, அடியும் மேலும் வெட்டியெடுத்து, தொட்டியைச் சுற்றி நிற்கும் கூடாக்கினோம். உட்புறம் கறுப்புச் சார்ட் ஒட்டினோம். மேலே தனி அட்டை. நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்ததால் தொட்டிக்கும் அட்டைக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி. காற்று போய்வர அது வேண்டும். இரவில் செடிகளும் மீன்களைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் காற்று மோட்டாரை மட்டும் நிறுத்துவதில்லை. இடைவெளி வழியே கொஞ்சம் வெளிச்சம் கசியத்தான் செய்கிறது. அது பரவாயில்லை, குளத்துக்கும் நிலா உண்டு.

இரவு ஒன்பது மணிக்கு மூடி, காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள். முதலில் மேல் அட்டை, சிறிது நேரம் கழித்துக் கூடு, அதற்கும் பிறகே தொட்டி விளக்கு. தீவனம் அரைமணி நேரம் கழித்து. தொட்டி விளக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். அதற்கு மேல் எரிந்தால் வளர்வது பாசிதான். அறை இருண்டு தொட்டி விளக்கு மட்டும் எரிவதும் நல்லதில்லை. அப்போது உள்ளிருக்கும் மீனுக்குக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் அது தன் பிம்பத்தோடு சண்டைக்கு நிற்பதைப் பார்த்திருப்பார்கள்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். "ஒரு தொட்டிக்கு இருட்டு, ஒரு தொட்டிக்கு இரவெல்லாம் வெளிச்சம்" என்று ஒப்பீடு வைக்காதீர்கள். விடை முன்பே தெரிந்த கேள்விக்காக நான்கு உயிர்களை வாரக்கணக்கில் விழித்திருக்க வைப்பது தேவையில்லாதது. மூடுவதற்கு முந்தைய நிலையும் பிந்தைய நிலையுமே போதும். எங்கள் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் செவுள்மூடி எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணினார்கள். பகலில் மூன்று முறை, மூடிய அரைமணி கழித்து ஒருமுறை. எண்ணுவதற்குக் கூட்டில் ஒரு சிறு துளை. டார்ச்சின் மேல் சிவப்புத் தாளை நான்காக மடித்துக் கட்டி, சுவரில் அடித்து, அந்த மங்கலில் பார்த்தார்கள். சிவப்பு ஒளி மீனுக்குத் தெரியவே தெரியாது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். தங்கமீனுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும். மங்கலாக, குறைந்த நேரம் என்பதுதான் பாதுகாப்பு. நான்கு மீன்களில் மூன்றின் எண்ணிக்கை மூடிய முதல் வாரத்திலேயே குறைந்தது. நான்காவது ஏனோ குறையவில்லை. அதையும் அப்படியே குறித்துவைக்கச் சொன்னேன்.

பேச்சு ஓடைக்கும் போனது. கெளுத்தி ராத்திரியில்தான் மாட்டும் என்று மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கெளுத்தி வகை மீன் உள்ள தொட்டி என்றால், மூடிய பிறகு அடியில் மூழ்கும் தீவனத்தில் கொஞ்சம் போட வேண்டும். இல்லாவிட்டால் பகல் மீன்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு அதைப் பட்டினி போடும்.

பக்கத்துக் கொல்லிமலையில் இருண்ட வான் பூங்கா அமைக்கத் தமிழ்நாடு அரசு அறிவித்த செய்தியை நாளிதழில் படித்துக் காட்டிய அன்று, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "மீனுக்கு அட்டப்பொட்டி வெச்சிட்டோம். நாங்களும் அதே லைட்டுக்குக் கீழதான சார் படுக்கிறோம்?"

முகத்தை இழுத்து மூடிக்கொண்டு தூங்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்த்திருக்கிறேன். குளிருக்கு என்று நினைத்திருந்தேன். விடுதிக் காப்பாளரிடம் பேசினோம். கழிப்பறைக்குப் போகும் வழியில் முழங்கால் உயரத்தில் இரண்டு சிறிய மஞ்சள் விளக்குகள் மாட்டப்பட்டன. கீழே ஊர்வது எதுவானாலும் அந்த வெளிச்சத்தில் முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. கூடத்தின் குழல் விளக்குகளில் படுக்கைப் பக்கம் இருப்பதை இப்போது பத்து மணிக்கு அணைக்கிறார்கள். வாசல் பக்கம் இருப்பது இன்னும் எரிகிறது. தொட்டி அந்தப் பக்கம் இருப்பதால் அட்டைக்கூட்டுக்கான முறைப்பட்டியலும் சுவரில் இருக்கிறது. இந்த வாரம் ஏழாம் வகுப்பு.