செவியும் கருவியும்: திறந்தவகை ஹெட்ஃபோன் வழித் தமிழொலி கேட்டல்

தோட்டப்புறத் தமிழரின் பேச்சில் ழகரம் அறவே ளகரமாயிற்று என்பது நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் கூற்று. யாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எழுதியிருக்கிறோம். குளுவாங் வட்டாரத்துப் பால்மரத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து, அதனை எழுத்துப்பெயர்த்தபோது, ‘மழை’, ‘பழம்’, ‘கிழவி’ ஆகிய சொற்கள் வந்த இடமெல்லாம் ளகரமே இட்டோம். பணி ஓய்வுக்குப்பின் அந்நாடாவைக் கணினிக்கு மாற்றி, திறந்தவகை ஹெட்ஃபோன் அணிந்து மீண்டும் கேட்டோம். பெரும்பாலான இடங்களில் ளகரந்தான். ஆயினும் சில இடங்களில் ஐயத்திற்கு இடமின்றி ழகரம் ஒலித்தது. அம்மூதாட்டி இன்று இல்லை. யாம் எழுதிவைத்த தாளே அவர் பேச்சுக்குச் சாட்சியாய் நிற்கிறது. அச்சாட்சியில் பிழை இருந்தது. அப்பிழை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

திறந்தவகை என்பது யாது?

‘காதொலிப்பான்’ முதலிய ஆக்கச்சொற்கள் இருப்பினும், வழக்கில் வேரூன்றிய ‘ஹெட்ஃபோன்’ என்னும் சொல்லையே இங்கு ஆள்கிறோம். அதன் கிண்ணத்துள் மெல்லிய சவ்வு ஒன்று அதிர்கிறது. சவ்வு முன்னோக்கி அசையும்போது செவியை நோக்கி ஓர் அலை செல்கிறது. அதே வேளையில் பின்புறமும் ஓர் அலை எழுகிறது. மூடியவகையில் பின்னலை கிண்ணத்துள் அடைபட்டுச் சுவரில் மோதித் திரும்புகிறது. வடிவமைப்பு சீராக இல்லையெனில் அது முன்னலையோடு கலந்து குரலைக் குடத்துள் பேசுவதுபோல் ஆக்கும். திறந்தவகையில் கிண்ணத்தின் புறச்சுவர் வலைக்கம்பியாக அமைவதால் பின்னலை வெளியேறிவிடுகிறது. ஒலி இயல்பாகப் பரந்து கேட்கும். அதற்கு ஈடாக இரண்டை இழக்கிறோம்: மிகத் தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் குறைகிறது, உள்ளொலி வெளியேயும் வெளியொலி உள்ளேயும் தடையின்றிச் செல்கின்றன.

செர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்.டி. 414 என்பதே முதல் திறந்தவகை ஹெட்ஃபோனாகக் கருதப்படுகிறது. எடை குறைந்த அக்கருவியின் மஞ்சள்நிற நுரைப்பஞ்சு உறைகளை மூத்தோர் சிலர் நினைவுகூரக்கூடும். அதே நிறுவனம் 1997இல் வெளியிட்ட எச்.டி. 600 இன்றும் ஒப்பீட்டுக்குரிய அளவுகோலாகப் பலரால் கொள்ளப்படுகிறது.

தமிழொலிகளும் கேட்குங்கருவியும்

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் நாநுனி அண்ணத்தை வருடப் பிறப்பன என ஓரினமாக்குகிறார். லகர ளகரங்களை நாவிளிம்பின் தொழிலால் பிறப்பன என வேறினமாக்குகிறார். இவ்வேறுபாட்டை இன்றைய ஒலியியல் கருவிகளும் காட்டுகின்றன. குரல்வழியில் எழும் ஒத்ததிர்வுகளுள் மூன்றாவது, ழகரத்தில் தாழ்ந்து இரண்டாவதனை நெருங்குகிறது. ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்சு வரையுள்ள இடைப்பகுதியிலேயே இம்மாற்றம் பெரிதும் நிகழ்கிறது. சகர, ஸகரங்களின் உரசொலியோ 4,000 ஹெர்ட்சுக்கு மேலும் பரவி நிற்கிறது. ஆகவே, பேச்சை ஆராய்வோர் கருவியின் இடைப்பகுதி நேர்மையையே முதலில் நோக்குதல் வேண்டும். தாழ்ந்த ஒலிகள் மிகைப்பட்டு முழங்கும் கருவி, நுண்ணிய இடைப்பகுதி ஒலிகளை மறைத்துவிடும்.

மூன்று கருவிகள்

யாம் நெடுநாள் பயன்படுத்தி ஒப்பிட்டவை மூன்று. எச்.டி. 600இல் மாந்தர் குரல் மிகையும் குறையுமின்றி எம் செவிக்குக் கேட்டது. மின்தடை 300 ஓம் என்பதால் கைப்பேசியில் நேரே இணைத்தால் ஒலி மெலிந்தே வரும். சிறு ஒலிமிகைப்பி தேவை. பேயர்டைனமிக் நிறுவனத்தின் 250 ஓம் டி.டி. 990 புரோ, தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் தூக்கிக் காட்டுவது. சகரமும் ஸகரமும் அதில் கூர்மையாய்ப் பிரிந்து நிற்கும். ஆனால் பழைய நாடாவின் இரைச்சலும் உடன் எழுந்து வந்து செவியை உறுத்தும். ஏ.கே.ஜி. நிறுவனத்தின் கே 702, 62 ஓம் அளவினது. நாதசுரக் கச்சேரியை அதில் கேட்டால் தவில் ஒருபுறமும் நாதசுரம் மறுபுறமும் விலகி நிற்பது தெளிவாய் விளங்கும். எம் களப்பதிவுகளோ ஒற்றைத்தடப் பதிவுகள். அவற்றில் இல்லாத அகலத்தை எக்கருவியாலும் தர இயலாது. எனவே, களப்பணிக்கு எச்.டி. 600ஐயும் இசைக்குக் கே 702ஐயும் வைத்துக்கொண்டோம்.

சோதித்தபோது அறிந்தது

பிழைக்குப் பழைய மூடியவகைக் கருவியே காரணம் என்று முதலில் எண்ணினோம். அவ்வெண்ணத்தைச் சோதிக்க, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கும் எம் பழைய மாணவர் ஒருவர் உதவினார். பதிவிலிருந்து சொற்களைத் தனித்தனியே வெட்டி, வரிசை மாற்றி, சூழல் தெரியாதவாறு எமக்குக் கேட்கச் செய்தார். ஒலியளவு இரு கருவிகளிலும் ஒன்றாக இருக்குமாறு பார்த்துக்கொண்டார். சற்று உரக்க ஒலிப்பதே தெளிவானது என்று செவி ஏமாறும் என்பதால் இவ்வொழுங்கு இன்றியமையாதது. தலையில் இருப்பது எக்கருவி என்பதைத் தோல் அறிந்துவிடும். அதனை மறைக்க வழியில்லை.

முதல் அரைமணி நேரம் இரு கருவிகளிலும் எம் விடைகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. நேரம் செல்லச்செல்ல, மூடியவகையில் காதுமடல் வியர்த்து, வெப்பம் ஏறி, விடைகள் தடுமாறின. திறந்தவகையில் அத்தடுமாற்றம் பிந்தியே வந்தது. இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒலிப்பை உறுதிசெய்ய யாம் சொல்லை உரக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். மூடியவகை அணிந்து பேசினால் நம் குரலே தலைக்குள் முழங்கும். திறந்தவகையில் அது இயல்பாகக் கேட்பதால், பதிவின் ஒலியையும் நம் ஒலியையும் அடுத்தடுத்து ஒப்பிடலாம்.

பழைய எழுத்துப்பெயர்ப்பு, பல மணி நேரம் தொடர்ந்து கேட்டபின் இரவில் செய்தது. ‘தோட்டத்தார் ழகரம் சொல்லார்’ என்னும் முன்முடிவும் அன்று எம் மனத்தில் இருந்தது. பிழைக்குக் கருவி ஓரளவே காரணம். களைப்பும் முன்முடிவுமே பெருங்காரணம் என ஒப்புக்கொள்கிறோம்.

இல்லத்தில் திறந்தவகை

ஜொகூரில் இக்கருவியோடு வாழ்வது எளிதன்று. தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கினால் ஆய்வை நிறுத்த வேண்டியதுதான். மின்விசிறியின் ஓசையும் உட்புகும். ஈரப்பதத்தால் செவியுறைகளின் நுரை விரைவில் நைந்துபோகிறது. அவற்றை அவ்வப்போது மாற்றியாக வேண்டும்.

ஒலிக்கசிவு ஒருநாள் எமக்கு ஆசானாயிற்று. அருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்த துணைவியார், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், “என்னங்க, அந்த அம்மா ‘கெழங்கு’ன்னு சொல்றாங்க, நீங்க ‘கிழங்கு’ன்னு எழுதறீங்களே” என்றார். மீண்டும் கேட்டோம், அவர் கூறியதே சரி. அறிந்த சொல்லாதலின் எழுத்துவழக்கின் இகரத்தை எம் மனமே இட்டு நிரப்பியிருந்தது. அன்றுமுதல் இரண்டாம் செவியின் ஒப்புதலின்றி எப்பதிவையும் முடிந்ததாகக் கொள்வதில்லை. எம் வயதில் உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் ஆற்றல் குறைவது இயற்கை. சகரத்தின் உரசொலியை எம் செவி தவறவிட்டால், விலையுயர்ந்த கருவியும் அதனை மீட்டுத் தராது.

ஆசிரியருக்கும் மாணவருக்கும்

பலர் கூடிக் கேட்கும் வகுப்பறைக்குத் திறந்தவகை பொருந்தாது. ஒருவர் கேட்பது அடுத்தவருக்கும் கேட்கும். பதிவு செய்யும்போதும் மூடியவகையையே அணிக. இல்லையேல் கசியும் ஒலி மைக்கில் ஏறிவிடும். அமைதியான அறையில் தனியே எழுத்துப்பெயர்ப்போருக்குத் திறந்தவகை பெருந்துணை. ஆனால் வெளியோசையை வெல்ல ஒலியளவைக் கூட்டுதல் தீது. வளர்ந்தோர்க்கு 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம், சிறார்க்கு 75 டெசிபெல் அளவில் அதே நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. ஒலி 3 டெசிபெல் கூடினால், பாதுகாப்பாகக் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும்.

அரைமணிக்கு ஒருமுறை கருவியைக் கழற்றிச் செவிக்கு ஓய்வு தருக. ஐயமுள்ள சொல்லை மறுநாள் காலையில் மீண்டும் கேட்க. அதன்பின்னும் ஐயம் நீங்காவிடின், தாளில் ஐயக்குறி இடுக, ஊகத்தால் நிரப்பற்க. மாணவர்களே, உங்கள் இல்லங்களில் தோட்டத்து வாழ்வை அறிந்த பாட்டிமார் இருப்பின், இவ்வாண்டே அவர்தம் பேச்சைப் பதிவு செய்யுங்கள். குளுவாங் மூதாட்டியின் பதிவில் யாம் ஐயக்குறி இட்ட சொற்கள் இன்னும் சில உள்ளன. அவற்றை அவரிடமே கேட்டுத் தெளியும் வாய்ப்பு எமக்கு இனியில்லை, உங்களுக்கு இருக்கிறது.